உயிருடன் விடப்பட்டது

ஏரி விடுதி
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கண்ணுக்கு நீதானே மருந்து விடுகிறாய், இல்லை நானே விட்டுக்கொள்கிறேன் என்று கன்னமெல்லாம் விட்டுக்கொள்கிறாளா?

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. போன் எடுக்காத இடம். வாரத்துக்கு ஒருமுறை சாமான் படகு வரும்போதுதான் தபால். எட்டு அறை, ஒரு சாப்பாட்டுக்கூடம், ஐந்து படகு, சுற்றிலும் காடு. விருந்தினரைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைப்பதும், பிடித்த மீனைப் பத்திரமாகத் திரும்ப ஏரியில் விடுவதும்தான் என் வேலை. போன கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டாளாமே, "திரும்ப விடறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று. இங்கே அதைக் கேட்காத ஆள் மேனேஜர் ஒருவர்தான்.

ஆனால் அக்கா, பிடிப்பது பெரிதில்லை, விடுவதுதான் கஷ்டம். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைக்க வேண்டும், அப்போதுதான் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும். கையை நன்றாக நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய், தோல் புண்ணாகிவிடும். பத்து எண்ணுவதற்குள் போட்டோ எடுத்து, தண்ணீருக்குள் விட்டுவிட வேண்டும். எண்ணுவது நான். ஏழு வரும்போதே என் குரல் ஏறிவிடுகிறதாம். நான் எப்போது பார்த்தாலும் கையை நனைத்துக்கொண்டே இருப்பதால் 'ஈரக்கை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெரிய மீன்களின் முதுகில் எண் போட்ட சின்னச் சீட்டு இருக்கும். அந்த எண், நீளம், தண்ணீரின் சூடு, விட்ட நிலை, எல்லாம் வேண்டும். முழங்கை ஆழத்தில் தண்ணீர் இருபத்தொரு டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு மீன்பிடிப்பே கிடையாது. இது குளிர்ந்த தண்ணீர் மீன், சூட்டில் போராடினால் மூச்சு திரும்பாது. உரிமத்திலேயே அந்த விதி இருக்கிறது. 88 என்று ஒருத்தி இருக்கிறாள், என் கை நீளம். இந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை மாட்டிக்கொண்டாள். ரோஷமே கிடையாது.

அம்மாவுக்கு என் அன்பு. மாடிப்படியில் மெதுவாக ஏறச் சொல்.

உன் தம்பி

*

வீடு
பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மா நன்றாக இருக்கிறாள், பார்வைதான் இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரிகிறதாம். ஆனாலும் சுவரைத் தடவிக்கொண்டே அடுப்பு, குளியலறை, ஜன்னல் என்று வீடு பூராவும் வலம் வந்துவிடுகிறாள். முப்பது வருஷ வீடாயிற்றே. போன வாரம் நான் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி வைத்ததற்கு, "வீட்டையே மாத்திட்டியா?" என்று ஒரு பாட்டம் திட்டினாள்.

உனக்கு ஒரு சேதி. மீன்வள அலுவலகத்தில் என்னைப் பிரிவு மாற்றியிருக்கிறார்கள். இனி ஏரி விடுதிகளின் பதிவேடுகள் என் மேஜைக்குத்தான் வரும். நான் படித்துப் பார்த்து, சரி என்று சுருக்கொப்பம் போட்டால்தான் உரிமம் தொடரும். ஜனவரிப் பதிவேட்டைத் திறந்தேன், உன் கையெழுத்து! உன் ஏழு இன்னமும் ஒன்று மாதிரிதான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் குட்டியது வீண்.

இன்னொன்று, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிரிவு மாறும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற இடங்களில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிவிட்டேன். 'ஆம்' என்றால் பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அம்மாவை அங்கே கொண்டுபோய் எந்தச் சுவரைத் தடவச் சொல்வது? நீ என்ன தப்பா பண்ணப் போகிறாய், மீனைப் பிடிக்கிறாய், விடுகிறாய். அதனால் எனக்கு உறுத்தவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏழுக்கு ஒரு குறுக்குக் கோடு போடு.

உன் அக்கா

*

ஏரி விடுதி
மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே கேட்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து பேனாவை எடுத்தாலே வாத்தியார் தலைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏழுக்குக் குறுக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன், பார்த்துச் சொல்.

அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பிறகு அம்மாவை நினைத்தேன். சரி விடு. யாருக்குத் தெரியப் போகிறது, இருவருக்கும் முகஜாடையா இருக்கிறது?

இந்த மாதம் ஒரு அறைகூடக் காலியில்லை. நேற்று ஒரு விருந்தினர் மீனுக்கு முத்தம் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். நான் எட்டு எண்ணிவிட்டேன், மனிதர் இன்னும் உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதில் மீனே வாலால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் குதித்துவிட்டது. படகே சிரித்தது. அது 88தான். அவளிடம் இருக்கும் மரியாதை எனக்கு யாரிடமும் இல்லை.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

உன் தம்பி

*

வீடு
ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம், வேகாமல் இருப்பதைத்தான் நலம் என்கிறேன். இந்த வெயிலில் அலுவலக மின்விசிறி வேறு உயிரை விட்டுவிட்டது. கோப்புகளால் விசிறிக்கொள்கிறோம், கோப்புகளுக்கு அதுவாவது ஒரு பயன். அம்மா முத்தக் கதையை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மார்ச் பதிவேடு வந்தது. ஏழெல்லாம் அழகு. உங்கள் ஏரி கொடுத்து வைத்ததடா, இந்த வேக்காட்டிலும் மாத நடுவிலிருந்து தினமும் பத்தொன்பது டிகிரி! மாதக் கடைசி வரை ஒரு புள்ளி ஏறவில்லை. ஒரு வாளி அனுப்பி வை, தலையில் ஊற்றிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஏரி விடுதி
ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் நலம்தானே?

எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. விருந்தினர் கூட்டம். மேனேஜர் வெப்பமானிக்கு நீளமான புதுக் கயிறு கட்டியிருக்கிறார், தினமும் அதை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறது. விடிந்ததும் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு நாணல் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருகிறேன். உடற்பயிற்சி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

வீடு
மே 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? அம்மாவும் நானும் இருக்கிறோம்.

படகு ஓட்டியே பிழைக்கிறவனுக்கு உடற்பயிற்சிக்கு இன்னொரு படகுச் சவாரியா என்று சிரித்துவிட்டு மடித்து வைத்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் பதிவேட்டையும் பழைய வருஷப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். பழையவற்றில் அதே எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 52 ஒரே வருஷத்தில் ஆறு தடவை வந்திருக்கிறது. விட்ட மீன் உயிரோடிருந்தால் மறுபடி மாட்டத்தானே செய்யும். மார்ச் நடுவிலிருந்து உன் பதிவேட்டில் ஒருமுறை வந்த எண் மறுமுறை வரவில்லை. ஒன்றுகூட. 88 எங்கே? அவளைப் பற்றி எழுதாமல் நீ ஒரு கடிதம் முடிப்பாயா?

அந்தக் கயிறு எத்தனை ஆழம் போகிறது? முழங்கை ஆழத்தில் பார்க்க வேண்டியதை ஏரியின் அடியில் பார்த்தால் எந்த வெயிலிலும் பத்தொன்பதுதான் காட்டும். அது எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாதா?

வேண்டாம், பதில் எழுதிவிடாதே. எழுதினால் எனக்குத் தெரிந்ததாகிவிடும். தெரிந்தால் நான் அதிகாரிக்கு எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தால் விசாரணை, விசாரணை வந்தால் முதலில் என் படிவம். எழுதுவதானால் யோசித்து எழுது.

அம்மா கேட்கிறாள், "சின்னவன் ஏன் மீன் கதையே எழுதறதில்லை?" என்று. வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

வீடு
ஜூன் 11

தம்பி,

நலமாக இருக்கிறாயா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நாலு சாமான் படகு வந்து போயிருக்கும், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பதில் எழுதாதே என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நலம் என்று ஒரு வார்த்தைகூடவா எழுதக்கூடாது?

மே மாதப் பதிவேடு மட்டும் நாள் தவறாமல் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியிலும் 'உயிருடன் விடப்பட்டது', 'உயிருடன் விடப்பட்டது'. எல்லாம் உன் கையெழுத்து. உன்னிடமிருந்து எனக்கு வருகிற கடிதம் இப்போது அது ஒன்றுதான். இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சுருக்கொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன். மார்ச்சுக்குத் தெரியாமல் போட்டேன், ஏப்ரலுக்குச் சந்தேகத்தோடு போட்டேன், மே மாதத்துக்கு நன்றாகத் தெரிந்தே போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அக்கா

*

ஏரி விடுதி
ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமா?

இங்கே சமையல்காரருக்கு ஜலதோஷம். சாப்பாட்டுக்கூடத்துக் கூரையில் இரண்டு தகடு மாற்றினோம். படகுத்துறைப் பலகைக்குப் புது வர்ணம். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கை காய்த்துவிட்டது, மற்றபடி ஒன்றுமில்லை.

உன் படிவத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் மட்டும் எழுது.

தம்பி

*

வீடு
ஜூலை 4

என் தம்பிக்கு,

படிவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "படகு ஓட்டறவனுக்கு மண்வெட்டி எதுக்குடி?" என்றாள். நான் ஏதோ தோட்ட வேலை என்றேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "கண்ணுதான் எனக்குப் போச்சு" என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தம்பி, நீ வாயைத் திறக்காமல் இருப்பது எனக்காக என்று தெரியும். எனக்காகத்தான் நீ தினமும் மண் தோண்டிக்கொண்டிருக்கிறாய். 'எழுது' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. 'எழுதாதே' என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா சுவரைத் தடவிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முடிவு எடுக்கிறேன், பதிவேட்டைத் திறக்கும்போது இன்னொரு முடிவு. உன்னைவிட ஆறு வயது மூத்தவள், இந்த விஷயத்தில் உனக்கு ஒரு வழி சொல்லத் துப்பில்லை. கோபம் உன் மேல் இல்லை. உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கையில் எண்ணெய் தடவு.

அக்கா

*

அனுப்புநர்:
படகோட்டி, ஏரி விடுதி

பெறுநர்:
அதிகாரி அவர்கள், மீன்வள அலுவலகம்

ஜூலை 17

ஐயா,

பொருள்: ஏரி விடுதிப் பதிவேட்டில் பொய்யாக எழுதியது பற்றி.

தாங்களும் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களும் நலம்தானே.

நான் மேற்படி விடுதியில் ஜனவரி முதல் வேலை செய்கிறேன். பதிவேடு எழுதுவது நான். மார்ச் நடுவில் தண்ணீர் இருபத்தொரு டிகிரியைத் தாண்டியது. மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் வெப்பமானிக்கு இருபது முழக் கயிறு கட்டிக் கொடுத்து, "ஏரின்னா மேல மட்டுமா? அடியும் சேர்ந்துதானே? அங்கேயும் பாரு" என்றார். அங்கே பார்த்தேன், பத்தொன்பது. அதையே எழுதினேன். முழங்கை ஆழத்திலும் தினமும் நான் தனியாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் இருபத்து மூன்று, மே மாதத்தில் இருபத்தைந்து வரை. அந்தத் தாளை இத்துடன் இணைத்துள்ளேன்.

சூட்டில் பிடித்து விட்ட மீன் உடனே சாகாது. வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் நீந்திப் போகும், விருந்தினர் கைதட்டுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காற்று அதை நாணல் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். விருந்தினர் எழுந்திருப்பதற்குள் நான் போய் எடுத்துவந்து படகுக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மிதப்பதைப் பார்க்க முடியாமல் நானாகச் செய்தது. நேற்று வரை நாற்பத்தொரு மீன். எண்களும் தேதியும் அதே தாளின் பின்பக்கம் உள்ளன. முதல் எண் 88. ஏப்ரல் இரண்டாம் தேதி. அன்றைக்குப் பதிவேட்டில் வேறு மீன்களுக்கு 'உயிருடன் விடப்பட்டது' என்று ஆறு தடவை எழுதினேன்.

மேனேஜர் சொல்லித்தான் எழுதினேன் என்பது உண்மை, எழுதிய கை என்னுடையது என்பதும் உண்மை. கையை நனைத்துக்கொண்டு, பத்து எண்ணி, எல்லாம் முறைப்படி செய்துவிட்டு, சாகப் போகிற மீனை நான்தான் தண்ணீரில் விட்டேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்தச் சூடு தணிகிற வரைக்குமாவது மீன்பிடிப்பை நிறுத்த வேண்டுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பிடிப்பதற்கும் விடுவதற்கும் ஒன்றும் இருக்காது.

பதிவேட்டைச் சரிபார்த்தவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் எழுதியதை நம்பினார்கள். தங்கள் அலுவலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது. உறவினர் எவரும் இல்லை.

இப்படிக்கு,
படகோட்டி

*

மீன்வள அலுவலகம்
கடித எண்: 317
ஜூலை 26

பெறுநர்:
படகோட்டி, ஏரி விடுதி

ஐயா,

பொருள்: தங்கள் புகார் கிடைத்தது பற்றி.
பார்வை: தங்கள் ஜூலை 17 தேதியிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதம் 23ஆம் தேதி கிடைக்கப்பெற்று, உள்வரும் தபால் பதிவேட்டில் கீழே கையொப்பமிட்டவரால் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்ய வழக்கமாக ஒரு நிமிஷம் ஆகும், இதற்குக் காலை முழுவதும் ஆயிற்று.

ஏரியில் மீன்பிடிப்பு மறு உத்தரவு வரும் வரை நேற்று முதல் நிறுத்தப்பட்டுள்ளது. உத்தரவின் நகலை மேனேஜரிடம் நேரில் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தாங்கள் விசாரணைக்கு இங்கே ஆஜராக வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரையிலான பதிவேடுகளில் சுருக்கொப்பமிட்ட எழுத்தரும் அதே நாளில் விசாரிக்கப்படுவார். பொறுப்பை ஒப்படைக்கும் முன் அந்த எழுத்தர் இந்த மேஜையிலிருந்து எழுதும் கடைசிக் கடிதம் இது.

அலுவலகக் கடிதத்தில் நலம் விசாரிக்கும் வழக்கம் இல்லை. ஆயினும் விசாரித்திருப்பதால் பதில் தரப்படுகிறது. வீட்டுப் பெரியவர் நலம். இடமாற்றம் வரக்கூடும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் தெரிவித்தது பின்வருமாறு: "போற ஊர்லயும் வீட்டுக்குச் சுவரு வச்சுத்தானே கட்டியிருப்பான்? நான் பழகிக்கறேன். அவனை முதல்ல வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லு."

தங்கள் கடிதத்தில் கண்ட மற்ற விவரங்கள் அனைத்தும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. கடைசிப் பத்தியில் 'தங்கள் அலுவலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது, உறவினர் எவரும் இல்லை' என்று எழுதியிருப்பது மட்டும் உண்மைக்குப் புறம்பானது. அதை அடித்துவிட்டு, நானே அதிகாரி முன்னிலையில் திருத்தி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எழுத்தர்,
உன் அக்கா